தங்க நிற மருந்து தந்த சுப்பாராவ்

சாங்வி, பிம்ப்ரி பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு எச்.ஏ. கம்பெனி என்றால் விளக்கம் வேண்டியதில்லை. 1954-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ்தான் மத்திய அரசின் முதல் மருந்துத் தொழிற்சாலை. இங்கே பென்சிலின் தயாராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அதே மருந்துக்காக அமெரிக்க அரசு கூட்டிய கூட்டத்தில் சென்னையில் படித்த இந்தியர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் டாக்டர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

1895-ல் பீமாவரத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது, காசியில் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடி, பாதி வழியில் பிடிபட்டார். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி; அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி.

காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, அறுவைச் சிகிச்சைக்கும் கதர் அங்கியே அணிந்தார். இது வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. சகோதரர்கள் இருவரை ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்குப் பறிகொடுத்தவருக்கு, அந்த நோய்க்கு மருந்து காண வேண்டும் என்ற வெறி. மாமனாரின் உதவியுடன் 1922-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். அங்கே வயிற்றுப் பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் இரவு வேலை. நோயாளிகளின் மலஜலப் பாத்திரம் கழுவுவதும் அதில் அடக்கம். பகலில் ஹார்வர்டில் ஆராய்ச்சி. ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்க ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் 1925-ல் வெளியிட்ட முறை உலகெங்கும் பரவியது. ஆனாலும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க் அருகே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி மருந்துக் கம்பெனிக்குச் சென்றார்.

அது போர்க்காலம். குண்டடி பட்டவர்களில் பலர் பின்னர் புண் புரையோடி இறந்தனர். பென்சிலினை ஃபிளெமிங் 1928-லேயே கண்டுவிட்டார். ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி குழுவினர் அதன் சக்தியை நிரூபித்தும் விட்டனர். ஆனால் பூஞ்சணத்திலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் மருந்து கிடைத்தது. 1941 அக்டோபரில் வாஷிங்டனில் மருந்துக் கம்பெனிகளின் ஆராய்ச்சித் தலைவர்களை அரசு அழைத்துப் பேசியது. மெர்க், ஸ்குவிப், ஃபைசர் பிரதிநிதிகளுடன் லெடர்லி சார்பில் சென்றவர் சுப்பாராவ். பெரிய தொட்டிகளில் காற்றைச் செலுத்திப் பூஞ்சணம் வளர்க்கும் முறை கைகூடவே, 1944-ல் நேசப் படைகள் நார்மண்டியில் இறங்கியபோது காயம்பட்டவர்களுக்குப் போதிய பென்சிலின் இருந்தது.

ஆயினும் எல்லாக் கிருமிகளும் பென்சிலினுக்கு அடங்குவதில்லை. டைபஸ் போன்ற காய்ச்சல்களிடம் அது தோற்றது. ஆகவே மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைச் சோதிக்கும் வேலையை சுப்பாராவ் முடுக்கிவிட்டார். அதற்கு அவர் தேர்ந்தெடுத்தது, வயதாகிவிட்டது என்று பல்கலைக்கழகம் ஓய்வு கொடுத்து அனுப்பிய எழுபது கடந்த தாவரவியல் பேராசிரியர் டக்கரை! 1945-ல், மிசௌரி மாநிலத்துப் புல்வெளி ஒன்றின் மண்ணில் தங்க நிறத்தில் வளர்ந்த நுண்ணுயிர் ஒன்றை டக்கர் கண்டார். அதிலிருந்து வந்ததே ஆரியோமைசின். பல வகைக் கிருமிகளை ஒருங்கே அடக்கியது. ஊசி வேண்டாம், வாயால் விழுங்கலாம். டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து இது. 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி பரவியபோது மக்கள் கடை கடையாகத் தேடி அலைந்தது இந்தக் குடும்பத்து மாத்திரைக்குத்தான்.

யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான், ஃபோலிக் அமிலம், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு டாக்டர் ஃபார்பர் கொடுத்துப் பார்த்த அமினோப்டெரின் எல்லாம் அவர் தலைமையில் உருவானவையே. கூட்டங்களில் பாராட்டு வாங்க அவர் முன்வந்ததில்லை. உடன் உழைத்தவர்களையே முன்னே நிறுத்தினார். 1946 வரை இந்தியர்கள் குடியுரிமை பெற அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. இடம் தந்த பிறகும் அவர் அமெரிக்கர் ஆகவில்லை.

ஆரியோமைசின் பற்றிய முதல் அறிவிப்பு 1948 ஜூலையில் வந்தது. அடுத்த மாதமே, 53-ஆம் வயதில், உறக்கத்திலேயே சுப்பாராவின் உயிர் பிரிந்தது. மருந்து கடைக்கு வந்தது டிசம்பரில். 1922-ல் அவர் கப்பலேறியபோது கர்ப்பிணியாக இருந்தார் மனைவி சேஷகிரி. பிறந்த மகன் குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டான். தகப்பன் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சேஷகிரியும் பிறகு கணவரைப் பார்க்கவில்லை.