தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கிய விஞ்ஞானி... யார் இந்த ஹால்டேன்?

ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, வடசென்னையில் மூச்சைப் பணயம் வைத்து நடக்கும் வேலைகள் உண்டு. கப்பலின் அடிப்பாகத்தைப் பார்க்கக் கடலுக்குள் இறங்குபவர் 10 மீட்டர் போனாலே போதும், அவர் மீதான அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். ரொம்ப நாள் மூடிக் கிடந்த கப்பல் தொட்டிக்குள் இறங்குபவருக்கு வேறு ஆபத்து. உள்ளே இரும்பு துருப்பிடிக்கப் பிடிக்க ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். வாசனை எதுவும் வராது.

இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கணக்குதான். பகுதி அழுத்தம். அதைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர் ஜே.பி.எஸ். ஹால்டேன்.

அது என்ன பகுதி அழுத்தம்?

கடல் மட்டத்தில் காற்றின் மொத்த அழுத்தம் 760 மி.மீ. பாதரசம். அதில் சுமார் 21% ஆக்சிஜன் என்பதால், அதன் பங்கு கிட்டத்தட்ட 160. இதுதான் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம். நுரையீரலின் காற்றுப்பைகளில் இது 100 அளவில் இருக்கும். அங்கே வந்து சேரும் ரத்தத்திலோ 40தான். அதனால் ஆக்சிஜன் தானாகவே ரத்தத்துக்குள் போகிறது. கார்பன் டை ஆக்சைடு எதிர்த்திசையில் வெளியே வருகிறது. உடம்புக்கு சதவீதம் எல்லாம் தெரியாது, அழுத்தம்தான் தெரியும்!

அப்பாவே வாத்தியார்

1892-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார் ஹால்டேன். மூச்சின் வேகத்தைத் தீர்மானிப்பது கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம்தான் என்று 1905-ல் காட்டிய ஜான் ஸ்காட் ஹால்டேன்தான் இவருடைய அப்பா. மகனைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போய், மீத்தேன் தேங்கிய இடத்தில் நிற்க வைத்து ஷேக்ஸ்பியர் வசனம் சொல்லச் சொன்னாராம். கொஞ்ச நேரத்தில் பையன் சுருண்டு விழுந்தான். கீழே விழுந்ததும் மூச்சு வந்தது. மீத்தேன் லேசானது, மேலேதான் நிற்கும் என்பது பாடம். இன்றைக்கு எந்த அப்பாவும் இதைச் செய்யக் கூடாது!

99 பேர் பலி

1939 ஜூன் 1-ம் தேதி, தெடிஸ் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கியது. 99 பேர் இறந்தார்கள், தப்பியது 4 பேர்தான். காரணத்தைத் தேடிய ஹால்டேன், சிலரோடு சேர்ந்து மூடிய இரும்பு அறைக்குள் மணிக்கணக்கில் உட்கார்ந்தார். உள்ளே இருந்தவர்கள் விட்ட மூச்சிலேயே கார்பன் டை ஆக்சைடு ஏறியது, தலைவலியும் மூச்சிரைப்பும் வந்தது.

கணக்கு இப்படித்தான்: காற்றில் 3% கார்பன் டை ஆக்சைடு இருந்தால் தரையில் சமாளிக்கலாம். அதே காற்றை 4 மடங்கு அழுத்தத்தில் சுவாசித்தால், தரையில் 12% சுவாசித்ததற்குச் சமம். மயக்கம் நிச்சயம். உயிர் காக்கும் ஆக்சிஜனும் இப்படித்தான், அழுத்தம் கூடினால் அதுவே விஷம். அந்தச் சோதனையில் வலிப்பு வந்து ஹால்டேனின் முதுகெலும்பு நசுங்கியது. அழுத்தச் சோதனைகளில் செவிப்பறையிலும் ஓட்டை விழுந்தது.

இந்தியாவுக்கு வந்தார்

1957-ல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். பிறகு இந்தியக் குடியுரிமையும் பெற்றார். 1964 டிசம்பர் 1-ம் தேதி புவனேஸ்வரில் புற்றுநோயால் இறந்தார். அவர் எழுதி வைத்தபடியே, உடல் ஆந்திராவின் காக்கிநாடாவில் உள்ள ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர்கள் படிப்பதற்காகப் போய்ச் சேர்ந்தது.