கடல் நடுவே ஒரு தந்தையின் கண்ணீர்



புனித பிரான்சிஸ் சவேரியார் என்றதும் முத்துக்குளித்துறையில் அவர் செய்த மறைப்பணியும், கோவாவில் வைக்கப்பட்டிருக்கும் அவரது உடலும் நம் நினைவுக்கு வருகின்றன. அவர் கடலில் கழித்த நாள்களை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. 1541 ஏப்ரல் 7ஆம் நாள், தமது 35ஆவது பிறந்த நாளில் லிஸ்பனை விட்டுப் புறப்பட்ட அவர், கோவா வந்து சேர 13 மாதங்கள் ஆயின. ஆயினும், 1549இல் மலாக்காவிலிருந்து ஜப்பானுக்குச் சென்ற ஏழு வாரப் பயணமே இன்று நம் சிந்தனைக்குரியது.

ஜப்பானுக்குச் செல்லப் போர்ச்சுக்கீசியக் கப்பல் எதுவும் கிடைக்கவில்லை. எனவே மலாக்காவின் தலைவரான பெத்ரோ தா சில்வா, ஒரு சீன வணிகரின் பாய்மரக்கலத்தை ஏற்பாடு செய்தார். அந்த வணிகரைப் போர்ச்சுக்கீசியர் 'கள்வன்' என்ற பட்டப்பெயரால் அழைத்தனர். சூன் 24ஆம் நாள், புனித திருமுழுக்கு யோவான் திருவிழாவன்று கலம் புறப்பட்டது. கோஸ்மே தெ தோரஸ், யுவான் பெர்னாண்டஸ் என்னும் இயேசு சபையினர், கோவாவில் திருமுழுக்குப் பெற்ற ஜப்பானியரான அஞ்சிரோ, சீனரான மனுவேல் ஆகியோர் சவேரியாருடன் சென்றனர்.

கலத்தின் பின்புறத்தில் சீனர்களின் தெய்வ உருவம் இருந்தது. அதன்முன் விளக்கேற்றி, நறுமணப் புகையிட்டு, சீட்டுப் போட்டுப் பார்த்த பிறகே கப்பல் தலைவர் எதையும் முடிவு செய்தார். ஜப்பான் சென்றால் கலம் மலாக்காவுக்குத் திரும்பாது என்று ஒருமுறை சீட்டு விழுந்தது. எனவே அவர் சீனாவிலேயே தங்கிவிட எண்ணினார். நல்ல காற்று வீணாவதைக் கண்ட சவேரியாரின் உள்ளம் வேதனையடைந்தது. ஆனால் அந்தக் கலத்தில் அவர் பயணி மட்டுமே.

சூலை 21ஆம் நாள் கடல் கொந்தளித்தது. கலத்தின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் குழி திறந்திருந்ததால் மனுவேல் அதனுள் விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். அவருக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தபோதே, கப்பல் தலைவரின் மகள் கடலில் விழுந்தாள். தந்தையின் கண்முன்னே, கலத்தின் அருகிலேயே அவள் மூழ்கி இறந்தாள். அன்று பகலும் இரவும் அழுகுரல் ஓயவில்லை. அவள் ஏன் இறந்தாள் என்று சீட்டுப் போட்டுக் கேட்டனர். மனுவேல் இறந்திருந்தால் அவள் இறந்திருக்க மாட்டாள் என்று பதில் வந்தது. நினைத்துப் பாருங்கள்! அந்தச் சிறிய குழுவின் உயிர், துயரத்தில் துடிக்கும் ஒரு தந்தையின் கையில் இருந்தது. ஆயினும் அவர் அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை.

பின்னர், சீனக் கடற்கரையில் கொள்ளையர்கள் இருப்பதாகச் செய்தி வந்தது. திரும்பிச் செல்லக் காற்றும் இடம் தரவில்லை. இவ்வாறு, ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னை மரியாவின் விண்ணேற்புத் திருவிழாவன்று கலம் ககோஷிமாவை அடைந்தது. புயலைவிடவும் கொள்ளையரைவிடவும் கடவுள்மீது நம்பிக்கை இழப்பதே பெரிய ஆபத்து என்பதைச் சவேரியார் இப்பயணத்தில் உணர்ந்தார்.

சில வாரங்களில் அந்தக் கப்பல் தலைவர் ககோஷிமாவில் இறந்தார். வழி முழுவதும் அவர் தங்களுக்கு நல்லவராகவே இருந்தார் என்று மலாக்காவுக்கு எழுதிய சவேரியார், அவர் திருமுழுக்குப் பெறாமல் இறந்ததால் தம்மால் அவருக்குக் கைம்மாறு செய்ய இயலவில்லையே என்று வருந்தினார். அது 16ஆம் நூற்றாண்டின் துயரம். தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல், மனச்சான்றின்படி கடவுளைத் தேடுவோரும் மீட்படையலாம் என 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. எனவே, மகளை இழந்த அந்தத் தந்தையை நாம் நம்பிக்கையோடு இறை இரக்கத்திடம் ஒப்படைக்கலாம்.

1552 டிசம்பர் 3ஆம் நாள், சாங்சுவான் தீவில் சவேரியார் இறந்தார். சீனாவுக்குள் அழைத்துச் செல்வதாகச் சொன்ன ஒரு சீன வணிகரின் படகுக்காக அவர் காத்திருந்தார். அது வரவே இல்லை.

நம் வாழ்க்கைப் பயணத்திலும் நம் நம்பிக்கையைப் பகிராதவர்கள் நம்மைச் சுமந்து கரை சேர்த்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் என்ன பெயர் வைத்து அழைக்கிறோம்? அவர்கள் வீட்டில் அழுகுரல் கேட்கும்போது நாம் அங்கே போய் நிற்கிறோமா?