மக்கள் கவிஞர் பட்டுக்கோட்டையார்

முன்னுரை

இந்த மாதச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு பெரியவர் வாழ்க்கையை எழுதச் சொன்னார்கள். எல்லாரும் தலைவர்களை எடுத்துக்கொண்டார்கள். நான் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தை எடுத்தேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பிறப்பும் படிப்பும்

நம்ம மாவட்டத்தில் அறந்தாங்கியைத் தாண்டிப் போனால் பேராவூரணி, அதற்கு அப்புறம் பட்டுக்கோட்டை. அதன் பக்கத்தில் செங்கப்படுத்தான்காடு என்ற கிராமத்தில் 13.4.1930 அன்று பிறந்தார். அப்பா அருணாசலனார், அம்மா விசாலாட்சி. அப்பாவே பாட்டுக் கட்டுவாராம், கும்மிப் பாட்டு எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் போனது சுமார் இரண்டு வருஷம்தான். அண்ணன் கணபதிசுந்தரத்திடம் வீட்டிலேயே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

பார்த்த தொழில்கள்

அவர் பார்த்த தொழில்கள் 17 என்று சொல்வார்கள். வயல் வேலை, மாடு மேய்த்தது, மாம்பழம் விற்றது, இட்லி விற்றது, தேங்காய், கீற்று வியாபாரம், மீன் பிடித்தது, உப்பளத்தில் வேலை, தண்ணீர் வண்டி ஓட்டியது, நாடகத்தில் நடித்தது என்று பட்டியல் நீளும். இதையெல்லாம் படித்தபோது முதலில் பாவமாக இருந்தது. அப்புறம்தான் புரிந்தது, அவர் பாட்டில் வருகிற ஏர், நாற்று, உழைப்பாளியின் வேர்வை எல்லாம் அவர் கையால் தொட்ட விஷயம். யாரிடமும் கேட்டு எழுதவில்லை.

பாட்டு பிறந்த கதை

சின்ன வயதில் குளக்கரையில் உட்கார்ந்து தண்ணீரில் துள்ளுகிற கெண்டைக் குஞ்சுகளைப் பார்த்திருக்கிறார். தூண்டில்காரனிடம் மாட்டிக்காதே, ஓடிப் போயிடு என்று மீன் குஞ்சுக்குச் சொல்கிற மாதிரி ஒரு பாட்டுக் கட்டினார். நம்ம ஊர் அறிவர் கோயில் மேற்கூரையில் தாமரைக் குளமும் மீனும் வரைந்திருக்கிறதே, போன தடவை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு அந்தப் பாட்டுதான் ஞாபகம் வந்தது.

பிறகு விவசாயிகள் இயக்கத்தில் சேர்ந்து கூட்டங்களில் பாடினார். ஜீவானந்தத்தோடு பழக்கம் ஏற்பட்டது. ஜனசக்தி பத்திரிகையில் அவர் கவிதை வந்தது. புதுச்சேரிக்குப் போய்ப் பாவேந்தர் பாரதிதாசனிடம் இருந்து கவிதை கற்றார்.

சினிமாவில்

சினிமாவில் அவர் முதலில் பாட்டு எழுதிய படம் படித்த பெண். அது 1956-இல் வந்தது. அதே வருஷம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த பாசவலை அவருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. புதுக் கவிஞர் என்று முதலில் தயங்கிய எம்.எஸ். விஸ்வநாதன், பாட்டைப் படித்துப் பார்த்ததும் மனம் மாறினாராம். பிறகு சக்கரவர்த்தித் திருமகள், நாடோடி மன்னன், பதிபக்தி, கல்யாணப் பரிசு என்று வரிசையாக எழுதினார். காதல் பாட்டும் எழுதினார், குழந்தைக்குப் புத்தி சொல்கிற பாட்டும் எழுதினார். எதை எழுதினாலும் வயலில் நிற்கிறவருக்கும் புரிகிற வார்த்தையில் எழுதினார்.

மறைவு

1957-இல் கௌரவாம்பாள் அம்மையாரை மணந்தார். பாரதிதாசன் தலைமையில் கல்யாணம் நடந்தது. 8.10.1959 அன்று சென்னையில் காலமானார். வயது 29தான். மகன் அப்போது கைக்குழந்தை. இரும்புத்திரை 1960-இலும் திருடாதே 1961-இலும் வந்தன. அவர் பாட்டு தியேட்டரில் கேட்டபோது அவர் இல்லை. 1993-இல் தமிழக அரசு அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

முடிவுரை

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எங்க அப்பாயி நடவுப் பாட்டு நல்லாப் பாடும். பள்ளிக்கூடமே போனதில்லை. முன்னாடி என் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்தால், பாடாதே என்று அப்பாயியை அடக்கிவிடுவேன். எனக்கு வெட்கமாக இருக்கும். இந்தக் கவிஞரைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவருக்கு எழுதத் தெரிந்தது, அதனால் அவர் பாட்டு நிற்கிறது. அப்பாயிக்கு எழுதத் தெரியாது. இந்த வருஷம் மூச்சு வாங்குவதால் நடவுக்கும் போகவில்லை. இரண்டு வரி பாடினால் நிறுத்திவிட்டு, அடுத்த வரி மறந்துபோச்சு ஆத்தா என்கிறது. அதனால் தினமும் சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதுகிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவ பாட்டை எதுக்குடி எழுதுற என்று முதல் நாள் சிரித்தது. இப்போது நான் வரும்வரை வாசலிலேயே காத்திருக்கிறது. இதுவரை 11 பாட்டு எழுதியிருக்கிறேன்.

தோழர்களே, உங்க வீட்டிலும் ஒரு அப்பாயியோ அம்மாச்சியோ இருப்பாங்க. இன்றைக்கே ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். பட்டுக்கோட்டையார் புகழ் வாழ்க!

இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
சித்தன்னவாசல்.