மனதைப் படித்த டாக்டர்

குட்டீஸ், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போகிறோம். மனசுக்கு நோய் வந்தால்? அந்தக் காலத்தில் பலர் பேய் பிடித்துவிட்டது என்றே நினைத்தார்கள். மனநோயையும் குணப்படுத்தலாம் என்று உழைத்தவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ்.

கல்கத்தாவில் மருத்துவம் படித்த இவர், உளவியலும் படித்து 1921-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பிடிக்காத நினைவுகளையும் ஆசைகளையும் நமக்கே தெரியாமல் மனதின் அடியில் அமுக்கி வைக்கிறோம். அந்த அடிமனதுக்கு நனவிலி மனம் என்று பெயர். இதுதான் அவரது ஆராய்ச்சி.

இதே துறையின் உலக மேதை, வியன்னாவில் வாழ்ந்த சிக்மண்ட் பிராய்டு. அவருக்குப் போஸ் கடிதம் எழுதினார். நேரில் சந்திக்காமலேயே நட்பு வளர்ந்தது. ஒவ்வோர் ஆசையோடும் அதற்கு எதிரான ஆசையும் மனதில் இருக்கும் என்பது போஸின் கருத்து. பிராய்டு அதை முழுமையாக ஏற்கவில்லை. மேதையே மறுத்தாலும் போஸ் தன் கருத்தைக் கைவிடவில்லை. மரியாதையோடு விளக்கி எழுதினார். நட்பும் முறியவில்லை. 1931-ல் பிராய்டின் 75-வது பிறந்தநாளுக்கு கல்கத்தாவிலிருந்து தந்தத்தால் ஆன விஷ்ணு சிலை பரிசாகப் போனது. அதை அவர் தன் மேஜையிலேயே வைத்துக்கொண்டார்.

1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தையும், 1940-ல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனை உருவாகவும் வழிசெய்த போஸ், 1953-ல் மறைந்தார்.

சரி, இப்போது பக்கத்தை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: நனவிலி மனம் என்றால் என்ன?