தொட்டு அறியச் சொன்ன மாண்டிசோரி அம்மையார்



பரிசளிப்பு விழா மலர் என்றால் காந்தியடிகள், பாரதியார் என்று எழுதுவதுதான் வழக்கம். இந்த முறை, சென்னை அடையாற்றில் சில வருஷம் குடியிருந்த ஓர் இத்தாலிய அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் உங்களுக்குப் புதிதல்ல. ஸ்கூடாயிலிருந்து ஜொகூர் பாரு போகிற வழியில் பாலர் பள்ளிப் பலகைகளில் மாண்டிசோரி என்று பார்த்திருப்பீர்கள். கட்டணத்தை விசாரித்துவிட்டு, இது நமக்கு எட்டாது என்று திரும்பியவர்களும் உங்களில் இருக்கலாம். ஆனால் பாருங்கள், அந்தப் பெயர் உலகத்துக்குத் தெரிய வந்ததே ஏழைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளால்தான்.

மரியா மாண்டிசோரி 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியில் கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். மகள் ஆசிரியை ஆனால் போதும் என்பது தகப்பனார் எண்ணம். மகளோ டாக்டருக்குத்தான் படிப்பேன் என்று நின்றார். பெண் பிள்ளை ஆண்களோடு சேர்ந்து பிணத்தை அறுத்துப் படிப்பதா என்று அன்றைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மற்றவர்கள் போன பிறகு, மாலை நேரத்தில் தனியாக அந்த அறையில் நின்று படித்தார். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

பிறகு மனநோய் மருத்துவமனைகளுக்குப் போய் வரும் வேலை. அங்கே, புத்தி வளராத குழந்தைகள் என்று சொல்லிப் பல பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து வைத்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் தூளைப் பொறுக்குமாம். காவல்காரப் பெண்மணி அதை அருவருப்பாகச் சொன்னார். மரியா அம்மையார் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஒரு பொம்மை இல்லை, ஒரு குச்சி இல்லை, கையில் எடுக்க எதுவுமே இல்லை. அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப் பசி அல்ல, கைப் பசி என்று அவருக்குப் புரிந்தது.

இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் முன்பே இந்த வழியில் உழைத்திருந்தார்கள். அவர்கள் எழுதியதைத் தேடிப் படித்தார். தொட்டும் தடவியும் பழகிய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு துக்கத்தையும் சொல்ல வேண்டும். 1898இல் அவருக்கு மாரியோ என்ற ஆண் குழந்தை பிறந்தது. பிள்ளையின் தகப்பனாரோடு கல்யாணம் நடக்கவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சிக் குழந்தையை நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் விட்டு வளர்க்க வேண்டியதாயிற்று. தாய் வந்து பார்த்துவிட்டுப் போவார், அவ்வளவுதான். ஊர்ப் பிள்ளைகளின் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவருக்குத் தன் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தையே குறை சொல்கிறேன்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6. ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைகள் பகுதி. நம் லயங்களைப் போல வரிசையாக இல்லாமல், அடுக்கு அடுக்கான வீடுகள். தாய் தகப்பன் இருவரும் விடிந்தால் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது ஆகாத பிள்ளைகள் படிக்கட்டிலும் சுவரிலும் கிறுக்கிப் பாழாக்கினார்கள். வீட்டுக்காரக் கம்பெனி ஓர் அறையை ஒதுக்கி, இவர்களைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அம்மையாரிடம் கொடுத்தது. ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகள். அதற்குக் குழந்தைகள் இல்லம் என்று பெயர். நம் தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான்.

அங்கே என்ன செய்தார்? ஒரு பலகை. அதில் பாதி வழவழப்பான தாள், மறுபாதி தச்சர்கள் மரம் தேய்க்கும் மணல்தாள். பிள்ளை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். பிறகு விரல் நுனியால் அழுத்தாமல் மெல்லத் தடவ வேண்டும். ஆசிரியை அதிகம் பேசமாட்டார். இது சொரசொரப்பு, இது வழவழப்பு என்று பெயரை மட்டும் சொல்வார். அடுத்து, சொரசொரப்பு எது என்று கேட்பார், பிள்ளை காட்டும். கடைசியில்தான் ஒன்றைத் தொடச் சொல்லி, இது என்ன என்று கேட்பார், பிள்ளை வாயால் சொல்லும். தவறினால் திட்டு கிடையாது, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பட்டு, கம்பளி, பருத்தி, வெல்வெட் துணிகளில் இரண்டிரண்டு துண்டு வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு ஜோடி சேர்க்கும் ஆட்டமும் உண்டு.

எங்கள் பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று தாய்மார்கள் வந்து கேட்டார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மரத்தில் எழுத்துச் செய்து தர ஆள் கிடைக்காததால், அம்மையார் மணல்தாளையே எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் ஒலியைச் சொல்லிக்கொண்டே விரலால் தடவினார்கள். பிறகு ஒரு டிசம்பர் நாள், மாடியில் உட்கார்ந்து சுண்ணாம்புக் கட்டியால் புகைபோக்கியை வரைந்த ஒரு பையன், தானாகவே சொற்களை எழுதத் தொடங்கிவிட்டான்! எழுது என்று யாரும் அவன் கையைப் பிடிக்கவில்லை.

நம் முன்னோருக்கு இது தெரியாததா? திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள். இன்றும் பச்சரிசியில் அகரம் எழுதித்தானே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். உயிர்களுக்கு அறிவு எத்தனை என்று எண்ணிய தொல்காப்பியர் முதல் அறிவாக வைத்ததும் தொட்டு அறிவதைத்தான்.

முதலாம் ஆண்டு வகுப்பில் நான் பார்ப்பது இது. பிள்ளைங்களுக்குப் பலாப்பழம் தெரியும், தொட்டால் எப்படி இருக்கும் என்று கேட்டால் சொல் வராது. ஒரு மாதிரி இருக்கும் சார் என்பார்கள். சொல் இல்லாமலா? பலாத்தோல் முள்ளுமுள்ளாக, ரம்புத்தான் மயிர் போல, மங்குஸ்தீன் வழவழ, ரப்பர் விதை மொழுமொழு, ஒட்டுப்பால் பிசுபிசு, செம்பனை மட்டை கரடுமுரடு, லாலான் புல்லின் ஓரம் கீறும், அம்மிக்கல் சொரசொர, ரவை நறநற. இத்தனையும் நம் வீட்டுச் சொற்கள்தான். பால்மரம் சீவிய தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். பட்டை எவ்வளவு தடிப்பு, கத்தி எவ்வளவு இறங்கலாம் என்பதை விடியாத இருட்டிலும் கை சொல்லும். அந்தக் கைக்காரர்களே பேரப்பிள்ளையைப் பார்த்து நாள் முழுக்கத் தொடாதே, தொடாதே என்கிறோமே! கத்தியையும் அடுப்பையும் தொட வேண்டாம், சரி. அரிசி மூட்டைக்குள் கை விட்டால் என்ன குடி முழுகிவிடும்? விலையுயர்ந்த பெட்டி எதுவும் தேவையில்லை. வன்பொருள் கடையில் ஒரு மணல்தாள், தையல்கார அக்காவிடம் நாலு துண்டுத் துணி, ஒரு பழைய பிஸ்கட் டின் போதும்.

கதைக்கு வருகிறேன். 1912இல் அம்மையாரின் தாயார் காலமானார். அதன் பிறகுதான் பதினைந்து வயது மாரியோவைத் தம்மோடு அழைத்துக்கொண்டார். அப்போதும் மகன் என்று வெளியே சொல்லவில்லை, உறவுக்காரப் பையன் என்றே உலகம் நினைத்தது. முசோலினி ஆட்சியோடு ஒத்துப்போகாமல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. ஸ்பெயினுக்குப் போனார். அங்கே 1936இல் உள்நாட்டுப் போர். அங்கிருந்து ஹாலந்து.

1939 நவம்பரில், பிரம்மஞான சபைத் தலைவர் அருண்டேல், அவர் துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோர் அழைக்க, அம்மையாரும் மாரியோவும் அடையாறு வந்தார்கள். சில மாதங்களில் திரும்புவதாக ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு இத்தாலியர் எல்லோரும் எதிரிகள். மாரியோவைக் கொண்டுபோய் அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையாருக்கு அடையாறு எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. எழுபது வயதை நெருங்கும் தாய், மறுபடியும் பிள்ளையைப் பிரிந்தார்.

அந்த ஆகஸ்டு 31, எழுபதாவது பிறந்த நாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்த நாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாகச் செய்தி. மகன் என்றே அதில் இருந்தது. நாற்பத்திரண்டு வருஷம் அவரால் வெளியே சொல்ல முடியாத சொல் அது.

போர் முடியும் வரை இருவரும் இங்கேயே இருந்தார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பாடம் சொல்வார், மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். 1942 முதல் கொடைக்கானல் மலையில் வாசம். சிலோனிலிருந்து வந்த லீனா விக்ரமரத்ன என்ற ஆசிரியையும் அங்கே உடனிருந்து உழைத்தார். இலையும் பாசியும் கல்லும் மீன் தொட்டியுமாகப் பெரிய பிள்ளைகளுக்கான பாடங்கள் அங்கேதான் வளர்ந்தன. 1944இல் சிலோனுக்கும் போய்ப் பயிற்சி கொடுத்தார். அவரிடம் இந்தியாவில் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல். 1946இல் ஐரோப்பா திரும்பினார், அடுத்த வருஷமே மறுபடி வந்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களில் ஒன்று 1949இல் அடையாற்றில்தான் அச்சானது.

1952 மே 6ஆம் நாள், ஹாலந்தில் நூர்ட்வைக் என்ற கடற்கரை ஊரில் அம்மையார் காலமானார். எண்பத்தொரு வயதிலும் ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாரியோ பக்கத்தில் இருந்தார். தாயின் வேலையை 1982இல் தாம் இறக்கும் வரை அவர் நடத்தி வந்தார்.