சாமுவேல் மேட்டீர்: பாறசாலைக்குப் பிரசங்கம் செய்ய வந்தவர் தப்படிகளை எண்ணத் தொடங்கியது ஏன்?

களியக்காவிளையைத் தாண்டியதும் வரும் கேரள ஊர் பாறசாலை. அங்கிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள் பேச்சில் தமிழும் கலந்திருக்கும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளாவிலேயே நின்றுவிட்டது. அதற்கு முன்பு இங்கே இப்படி ஓர் எல்லைக்கோடே கிடையாது. எல்லாம் திருவிதாங்கூர்.

இந்தப் பகுதிக்கு 1859-ல் வந்து சேர்ந்தவர் சாமுவேல் மேட்டீர். அயர்லாந்துக்காரர். லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பிய பாதிரியார். அப்போது அவருக்கு இருபதுகளின் நடுவயது. பாறசாலையில் ஜான் ஆப்ஸ் என்ற பாதிரியார் 1845-லேயே மிஷன் நிலையம் தொடங்கியிருந்தார். மேட்டீருக்கு வேலை முதலில் அங்கே, பிறகு திருவனந்தபுரத்தில்.

பாதிரியார்கள் பலர் வந்தார்கள், போனார்கள். இவரை மட்டும் ஏன் தனியாகப் பேச வேண்டும்? 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் சாதி எப்படி இயங்கியது என்று இன்று யார் எழுத உட்கார்ந்தாலும், இவருடைய இரண்டு புத்தகங்களைத் தொடாமல் எழுந்திருப்பது கடினம். ஒன்று 1871-ல் வந்த 'தி லேண்ட் ஆஃப் சாரிட்டி'. இன்னொன்று 1883-ல் வந்த 'நேட்டிவ் லைஃப் இன் திராவன்கூர்'.

காகிதத்தில் முடிந்துபோன அடிமை முறை

1836-ல் திருவிதாங்கூரில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் மொத்த மக்கள் தொகை 12,80,668. அதில் அடிமைகள் 1,64,864 பேர். அதாவது, எட்டுப் பேரில் ஒருவர். பெரும்பாலும் புலையர், பறையர் (சாம்பவர்), குறவர் சமூகத்தினர். நிலத்தோடு சேர்த்தும், தனியாகவும் விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாடகைக்கு விடலாம்.

1847-ல் மிஷனரிகள் மன்னருக்கு மனு கொடுத்தார்கள். உடனே எதுவும் நடக்கவில்லை. 1853-ல் ஓர் அறிவிப்பு, 1855-ல் இன்னொரு அறிவிப்பு. இரண்டாவது அறிவிப்போடு அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது.

மேட்டீர் வந்தது இதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து. அவர் பார்த்திருக்க வேண்டியது சுதந்திர மனிதர்களை. பார்த்தது வேறு. சட்டம் போட்டாச்சு, ஆனால் புலையர் ஒருவர் மேல்சாதிக்காரர் முன்பு 'நான்' என்று சொல்ல முடியாது, 'அடியன்' என்றுதான் சொல்ல வேண்டும். தான் சாப்பிடுவதைச் சோறு என்று சொல்லக் கூடாது, அதற்கு அழுக்குக் கஞ்சி என்ற பொருளில் ஒரு சொல். தன் பிள்ளைகளைக் கன்று என்றோ குரங்கு என்றோதான் குறிப்பிட வேண்டும். பேசும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார் மேட்டீர்.

அரசாணையைப் பார்த்தால் பிரச்னை முடிந்துவிட்டது. பேச்சைக் கேட்டால் அது தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அவரை மாற்றியது என்று அவருடைய எழுத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது.

36, 96, 12, 66

இந்த நான்கு எண்களும் 1871 புத்தகத்தில் வருபவை. நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 தப்படி தள்ளி நிற்க வேண்டும், புலையர் 96 தப்படி. நாயரிடமிருந்து ஈழவர் 12 தப்படி, புலையர் 66. நாயர் நம்பூதிரியை நெருங்கலாம், தொடக் கூடாது.

ஒரு தப்படியை முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 96 தப்படி 72 மீட்டர் வரும். கிரிக்கெட் பிட்ச் மூன்றரை. ஒரு சாலையில் இவ்வளவு இடம் விட்டு ஒதுங்க முடியுமா? முடியாது. ஆகவே சாலையே கிடையாது என்றுதான் அதற்கு அர்த்தம். வயலுக்குள் இறங்க வேண்டும், வரப்பில் நடக்க வேண்டும். சந்தைக்குள் போக முடியாது. காசைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்று கத்திக் கேட்க வேண்டும். நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவும் தொலைவில்தான் நிற்க வேண்டும், நடுவில் ஒருவர் சொல்வதைக் கடத்துவார்.

மேட்டீருக்கு இந்தச் சாலைகள் எல்லாம் திறந்திருந்தன. அவர் வெள்ளைக்காரர். அவர் சபைக்கு வந்தவர்களுக்கு அதே சாலை மூடியிருந்தது. தீண்டாமையை 'கொடுமை' என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டுப் போயிருக்கலாம். அவர் அதை அளந்து எழுதினார். அதனால்தான் 150 ஆண்டுகள் கழித்தும் அதை மறுப்பது சிரமமாக இருக்கிறது.

தோள்சீலை ஆண்டு

அவர் வந்த 1859 சாதாரண ஆண்டு அல்ல. நாடார் (அன்றைய பதிவுகளில் சாணார்) பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதை எதிர்த்து, அந்த ஆண்டின் தொடக்கத்தில் தென் திருவிதாங்கூரில் பெரிய கலவரம். தேவாலயங்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் அழுத்தம் கொடுத்த பிறகு, ஜூலை 26-ஆம் தேதி மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அறிவிப்பு வெளியிட்டார். அந்த அறிவிப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி போர்த்தலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. உரிமையைக் கொடுக்கும்போதே வேலியும் போட்டார்கள்.

'தர்ம பூமி'யின் கணக்கு

தலைப்பிலேயே கிண்டல் இருக்கிறது. பிராமணர்களுக்கு ஊட்டுப்புரைகளில் இலவச உணவு, ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முறைஜபம். அதனால் திருவிதாங்கூருக்கு தர்ம பூமி என்று பெயர். பிரிட்டிஷாரும் திவான் டி. மாதவராவ் காலத்தில் இதை மாதிரி சமஸ்தானம் என்று பாராட்டினார்கள். யாருக்கு தர்மம், யார் உழைப்பில் தர்மம் என்று மேட்டீர் கேட்டார்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து வந்த இரண்டாவது புத்தகத்தில் புலையர், பறையர், வேடர், குறவர், காணிக்காரர் என ஒவ்வொரு சமூகத்தையும் தனித்தனியாக எழுதினார். 1884-ல் திருவிதாங்கூர் பறையர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டன் ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இதழில் வந்தது. சபை மேடையில் பேச வந்தவர் அறிஞர் சபை வரைக்கும் இந்த விஷயத்தைக் கொண்டுபோய்விட்டார்.

மாறாமல் இருந்தவை

இவரைப் புனிதராக்க வேண்டியதில்லை. கடைசி வரை மதமாற்றம்தான் தீர்வு என்று நம்பினார். கோயில் சடங்குகளையும் நாயர்களின் மருமக்கள் தாயத்தையும் ஏளனமாகவே பார்த்தார். யாருக்காகப் பேசினாரோ அவர்களைப் பற்றியே சில இடங்களில் பெரிய மனிதர் சின்னப் பிள்ளையைப் பேசும் தொனியில் எழுதினார். மிஷன் சபைகளுக்குள்ளேயும் சாதி இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காரவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சி நியாயமானது என்ற நம்பிக்கையும் அவரிடம் அசையவில்லை. 1805 ஒப்பந்தப்படி திருவிதாங்கூர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஊட்டுப்புரைச் செலவைக் கேள்வி கேட்கிறோம் என்றால் இந்த 8 லட்சத்தையும் பக்கத்தில் வைக்க வேண்டும், இல்லையா? அந்தச் சுமையும் கடைசியில் அதே வயலில்தான் இறங்கியது.

இன்னொன்று. மேட்டீர் பார்த்தார், மாறினார், எழுதினார். அவர் பார்த்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை.

1893

மேட்டீர் 1890-களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார், 1893-ல் காலமானார். திருவனந்தபுரம் பாளையத்தில் 1906-ல் கட்டப்பட்ட மேட்டீர் நினைவு தேவாலயம் இன்றும் இருக்கிறது.

அதே 1893-ல்தான் நெய்யாற்றின்கரை தாலுகாவைச் சேர்ந்த வெங்ஙானூரில் ஒரு புலையர் வாலிபர் வில்வண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டி, வெள்ளை உடுத்தி, தனக்குத் தடை செய்யப்பட்ட பொதுச் சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனார். அவர் அய்யங்காளி. எழுதப் படிக்கத் தெரியாதவர். மேட்டீர் எண்ணி எழுதிய 66, 96 எல்லாம் அவருக்குப் புத்தகத்தில் படித்த தகவல் இல்லை, நடந்து பழகிய தூரம்.

1911-ல் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அவர் நியமிக்கப்பட்டார். அதே தாலுகாவின் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற புலையர் சிறுமியைப் பள்ளியில் சேர்க்க அழைத்துப் போனார். எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் தப்பிய, கருகிய பெஞ்ச் ஒன்றை அந்தப் பள்ளி இன்றும் வைத்திருக்கிறது.