பராந்தகனும் குடவோலையும்

வருங்கால ராஜாங்கத்தை எவ்வாறு அமைப்பதென்று உலகெங்கும் அறிஞர் ஆராய்கின்றனர். அயர்லாந்தில் 2016-ல், தேர்தலின்றிக் குலுக்கலாய்ப் பொறுக்கிய 99 பிரஜைகளைச் சபையாக அமர்த்தி, அரசியல் சாசனத் திருத்தம் பற்றி யோசனை கேட்டனர். இதைப் புதுமை என்பர் சிலர். காட்டாங்குளத்தூரிலிருந்து செங்கற்பட்டு வழியே உத்தரமேரூர் சென்று வருவோமாயின், நாம் அங்ஙனம் சொல்லமாட்டோம்.

முதற் பராந்தக சோழன் 907-ல் பட்டமேறினான். பாண்டியனை வென்று மதுரை கொண்டான். 919-லும் 921-லும் அவன் ஆணைப்படி வந்த அதிகாரிகள் உடனிருக்க, உத்தரமேரூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தெரியும் விதிகளை வகுத்துக் கல்லில் வெட்டுவித்தனர். ஊர் 30 குடும்புகளாய்ப் பிரிந்தது. தகுதியுடையார் பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். பதவி 360 நாளே. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் இடமில்லை. நிலமும் வேதக்கல்வியும் உடையார்க்கே அவ்வுரிமை இருந்ததென்ற குறையை நாம் மறைக்க விரும்பவில்லை.

949-ல் தக்கோலப் போரில் மூத்த மகன் இராஜாதித்தன் மடிந்தான், தொண்டைமண்டலம் கைநழுவிற்று. 955 அளவில் பராந்தகனும் மறைந்தான். வென்ற நாடு போயிற்று. கணக்குக் கேட்கும் விதி கல்லில் நின்றது. புதிய ராஜாங்கம் வகுப்போர் எல்லார் ஓலையையும் குடத்தில் சேர்த்து, கணக்குக் காட்டாதவரை மட்டும் வெளியே நிறுத்துவார்களாக.